பிரிக்பீல்ட்ஸ் முதல் கிள்ளான் வரை: பழைய சாப்பாட்டுக் கடைகள் ஏன் மூடப்படுகின்றன?

பிரிக்பீல்ட்ஸ் ஜாலான் துன் சம்பந்தனிலும் கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலும் மதிய வேளையில் வாழை இலைக் கடைகளில் இன்றும் கூட்டம் இருக்கிறது. ஆனாலும், நெடுங்காலம் ஒரே இடத்தில் நடந்துவந்த உணவகங்கள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கதவடைத்து வருகின்றன. ஆள் வராவிட்டால்தான் கடை மூடும் என்பதில்லை. ஆள் வந்தும் கணக்கு ஒத்துவராமல் போவதுண்டு.

கடைகள் பிறந்த கதை

1881-ல் தீயும் வெள்ளமும் கோலாலம்பூரை அழித்த பிறகு, நகரைச் செங்கல்லால் கட்டியெழுப்பினார்கள். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடமே பிரிக்பீல்ட்ஸ். பின்னர் அங்கு இரயில்வே பணிமனைகளும் ஊழியர் குடியிருப்புகளும் வந்தன. குடும்பத்தைப் பிரிந்து வேலைக்கு வந்தவர்களுக்குக் குறைந்த விலையில் வயிறு நிறையச் சோறு தேவைப்பட்டது. கிள்ளானில் துறைமுகத் தொழிலாளர்களும் சுற்றுவட்டாரத் தோட்டத்து மக்களும் வாடிக்கையாளர்கள். சம்பளம் போட்டதும் பட்டணத்துக்கு வந்து, சாமான் வாங்கி, பிள்ளைகளோடு கடையில் சாப்பிட்டுவிட்டுத் திரும்புவது வழக்கம். சோறும் காயும் கேட்கக் கேட்கப் போடும் பழக்கம் இப்படிப்பட்டவர்களுக்குப் பொருந்தியது.

வாடகை

1948-க்கு முன் கட்டப்பட்ட கடைவீடுகளின் வாடகையை 1966-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் உயராமல் வைத்திருந்தது. பழைய கடைவரிசைகளில் சிறு வியாபாரிகள் நிலைத்து நிற்க அது உதவியது. 1997-ல் அச்சட்டத்தை நீக்கும் சட்டம் வந்தது. 2000-ஆம் ஆண்டு தொடக்கத்தோடு கட்டுப்பாடு முற்றாக முடிந்து, சந்தை விலையே வாடகையானது.

பிரிக்பீல்ட்ஸில் அடுத்தடுத்துப் பெரிய மாற்றங்களும் வந்தன. 2001-ல் கேஎல் சென்ட்ரல் திறக்கப்பட்டது. 2010 அக்டோபர் 27-ல் அன்றைய இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் மலேசியப் பிரதமர் நஜிப்பும் லிட்டில் இந்தியாவைத் தொடக்கி வைத்தனர். 2014-ல் நியூ சென்ட்ரல் பேரங்காடி வந்தது. நடமாட்டம் கூடியதோடு இடத்தின் மதிப்பும் கூடியது. சொந்தக் கட்டடம் உள்ளவருக்கு இது இலாபம். வாடகைக்கு இருப்பவருக்குச் சுமை. 2025 ஜூலை 1 முதல் வணிக வாடகைக்கு 8 விழுக்காடு சேவை வரியும் வந்தது. சிறு வியாபாரிகளுக்கு விலக்கு தரப்பட்டது.

சம்பளமும் ஆள் பற்றாக்குறையும்

2013-ல் தீபகற்பத்தில் 900 வெள்ளியாகத் தொடங்கிய குறைந்தபட்ச சம்பளம், 2022-ல் 1,500 வெள்ளி ஆனது. 2025-ல் 1,700 வெள்ளி. தொழிலாளிக்கு இது நியாயமான உயர்வு. விலைவாசி அவரையும் விட்டுவைக்கவில்லை. ஆனால், குறைந்தபட்ச சம்பளத்தில் பத்துப் பேர் வேலை செய்யும் கடைக்கு, கடைசி உயர்வால் மட்டும் மாதம் 2,000 வெள்ளி கூடுதல் செலவு. சாப்பாட்டுக்கு ஒரு வெள்ளி ஏற்றி அதைச் சரிக்கட்ட, நாள்தோறும் ஏறக்குறைய 67 சாப்பாடு விற்க வேண்டும்.

அந்நியத் தொழிலாளருக்கு முதலாளி கட்டும் லெவி, சேவைத் துறையில் ஆண்டுக்கு ஆளுக்கு 1,850 வெள்ளி. 2025 அக்டோபர் சம்பளத்திலிருந்து அவர்களுக்கு 2 விழுக்காடு சேமநிதியும் சேர்ந்தது. 2023 மார்ச்சில் புதிய கோட்டா விண்ணப்பங்கள் நிறுத்தப்பட்டதால், ஊர் திரும்பிய சமையல்காரருக்கு மாற்று ஆள் கிடைப்பது சிரமமானது. மலேசிய இந்திய உணவக உரிமையாளர் சங்கமான பிரிமாஸ் இதைப் பலமுறை அரசாங்கத்திடம் எடுத்துச் சொல்லியிருக்கிறது.

இலையின் விலை

கோழிக்கான உதவித்தொகை 2023 நவம்பரிலும், முட்டைக்கானது 2025 ஆகஸ்டிலும் நிறுத்தப்பட்டன. 2024 ஜூன் 10-ல் தீபகற்பத்தில் டீசல் லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசானது. சந்தையிலிருந்து காய்கறி ஏற்றிவரும் லாரிச் செலவும் இதில் அடக்கம்.

மற்ற உணவகங்கள் விலையை ஏற்ற முடியாவிட்டால் அளவைக் குறைக்கும். வாழை இலைக் கடைக்கு அந்த வழியும் இல்லை. கேட்டால் சோறு போட்டே ஆக வேண்டும். விலையை ஏற்றினால், தலைமுறையாக வரும் பென்ஷன்காரரும் தோட்டத்துக் குடும்பமும்தான் முதலில் வருவதைக் குறைப்பார்கள். 2020 மார்ச் 18-ல் நடமாட்டக் கட்டுப்பாடு தொடங்கியதும் கடையில் உட்கார்ந்து சாப்பிடத் தடை வந்தது. அப்போது பலர் செயலி வழி விற்பனைக்கு மாறினர். அதில் 30 விழுக்காடு வரை கமிஷன் போகிறது. இலையில் பரிமாறும் சாப்பாடு பொட்டலத்துக்கு ஏற்றதுமல்ல.

அடுத்தது யார்?

விடியுமுன் எழுந்து அடுப்பு மூட்டிய பெற்றோர், அந்த வருமானத்தில் பிள்ளைகளைப் படிக்க வைத்தனர். படித்த பிள்ளை வேறு தொழிலுக்குப் போவது குறையல்ல. அதற்காகத்தான் அவர்கள் உழைத்தார்கள். ஆனால், ஒப்பந்தம் முடியும் நாளில் வாடகை உயர்ந்து, கையெழுத்திட வாரிசும் இல்லையென்றால், கடை அத்துடன் நிற்கிறது.

கடைக்காரர்கள் கவனிக்க வேண்டியது

மூன்று ஆண்டுக்கு மேற்படாத வாடகை ஒப்பந்தத்தை நில அலுவலகத்தில் பதிவு செய்யத் தேவையில்லை. ஆனால், கிராண்டு எனப்படும் நிலப்பட்டாவில் அது குறிக்கப்படாவிட்டால், கட்டடத்தை வாங்கும் புதிய உரிமையாளரை அது கட்டுப்படுத்தாது என்கிறது தேசிய நிலச் சட்டம். மூன்று ஆண்டைத் தாண்டும் குத்தகையைப் பதிவு செய்தாக வேண்டும். வாய்ப்பேச்சை நம்பிப் பல ஆண்டு கடை நடத்துபவர்கள், அடுத்த புதுப்பிப்புக்கு முன் ஒரு வழக்கறிஞரிடம் இதைக் கேட்டுக்கொள்வது நல்லது.