மடித்துப் பின்னிய விளிம்பு

நமது பாடசாலையில் தையல் வகுப்புக்குச் சென்ற எவருக்கும் குழந்தைத் தொப்பியின் மடித்த விளிம்பு நினைவிருக்கும். உள்ளும் புறமுமாக இரண்டு படையாக நிற்கும் அவ்விளிம்புக்கு நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாறு உண்டு.

இங்கிலாந்தின் எல்லையை அண்டிய வேல்ஸ் நகரான மொன்மத், 16ஆம் நூற்றாண்டில் கம்பளித் தொப்பிக்குப் பெயர் பெற்றிருந்தது. படைவீரரும் மாலுமிகளும் அதனை அணிந்தனர். ஷேக்ஸ்பியரின் ‘ஐந்தாம் ஹென்றி’ நாடகத்திலும் அத்தொப்பி பேசப்படுகிறது. அக்காலத் தொப்பியொன்று இன்றும் மொன்மத்தில் பேணப்படுகிறது. தடித்த நூலால் வட்டமாகப் பின்னி, விளிம்பை மடித்து இரு படையாக்கி, பின்னர் நீரில் அடித்து இறுக்கப்பட்ட தொப்பி அது.

நாகரிகம் வேறு தொப்பிகளை நாடியபோது பின்னுவோரின் பிழைப்புத் தளர்ந்தது. அவர்களைக் காக்க, முதலாம் எலிசபெத் மகாராணியின் ஆட்சியில் 1571இல் ஒரு சட்டம் வந்தது. ஆறு வயதுக்கு மேற்பட்டோர், உயர்குடியினர் முதலான சிலர் நீங்கலாக, ஞாயிறுகளிலும் திருநாள்களிலும் இங்கிலாந்தில் பின்னிய கம்பளித் தொப்பி அணிய வேண்டும். தவறினால் நாளொன்றுக்கு 3 ஷில்லிங் 4 பென்ஸ் தண்டம். அச்சட்டம் 1597இல் நீக்கப்பட்டது. சட்டத்தால் நாகரிகத்தைத் தடுக்க முடியவில்லை. விளிம்பை மடிக்கும் முறையோ கைக்குக் கை மாறி நிலைத்தது.

அது நிலைத்ததற்குக் காரணம் அதன் பயனே. ஒற்றைப் படையாகப் பின்னிய சாதாரண விளிம்பு சுருண்டுகொள்ளும். மடித்த விளிம்பு நேராக நிற்கும். இரு படைகளுக்கிடையே தங்கும் காற்று சூட்டைக் காக்கும். செய்முறையும் எளிது. வேண்டிய அகலத்தைப் போல் இரு மடங்கு பின்னி, உட்புறமாக மடித்து, தொடக்க வரியின் ஒவ்வொரு கண்ணியையும் ஊசியிலுள்ள கண்ணியோடு சேர்த்துப் பின்னினால் போதும். தையல் வேண்டியதில்லை. ஒரு கண்ணி விலகினாலும் விளிம்பு முறுகிவிடும் என்பதால் பொறுமை மட்டும் வேண்டும்.

நம் நாட்டில் 1824இல் உடுவிலில் மகளிர் விடுதிப் பாடசாலை ஆரம்பித்த காலந்தொட்டு, மிஷன் பாடசாலைகளில் ஊசிவேலை பெண்களின் கல்வியில் இடம்பெற்றது. வெயில் எரிக்கும் ஊரில் கம்பளித் தொப்பி எதற்கென்று நாமும் வகுப்பில் சிரித்ததுண்டு. அதற்கு விடை மகப்பேற்று விடுதியில் கிடைத்தது. பிறந்த சிசுவின் தலை, உடலின் நீளத்தில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு. ஈரத்தோடு பிறக்கும் பிள்ளை, வெப்பமான ஊரிலும் சூட்டை விரைவாக இழக்கும். குறைமாதப் பிள்ளைக்கு இது உயிராபத்து. உடல் வெப்பம் 36.5 பாகை செல்சியசுக்குக் குறையாதிருக்க வேண்டும். உடனே துடைத்து, தாயின் மார்போடு அணைத்து, தலைக்குத் தொப்பி இடுவது மருந்துக்கு முந்திய வைத்தியம். தொப்பி இறுக்கமாகவும் இருக்கக் கூடாது, கண்ணிலும் மூக்கிலும் சரியவும் கூடாது. நெகிழ்ந்து பிடிக்கும் மடித்த விளிம்பு இவ்விடத்தில் கைகொடுக்கிறது.

இன்று ஆயத்தத் தொப்பிகள் கடையில் கிடைக்கின்றன. ஆயினும் எல்லாத் தாய்மாரும் அவற்றை வாங்கி வருவதில்லை. குறைமாதப் பிள்ளையின் சிறு தலைக்கு அவை பொருந்துவதும் அரிது. நூற்றாண்டு காணும் இவ்வேளையில் பழைய மாணவிகளாகிய நாம் ஆளுக்கொரு தொப்பி பின்னி அருகிலுள்ள வைத்தியசாலைக்கு வழங்குவோம். அம்மடிப்பை நம் தங்கையருக்கும் கற்றுக்கொடுப்போம். சட்டம் காக்க முடியாத கைத்தொழிலைக் கற்பித்த கைகளே காத்தன.