கூடுதல் பொறுப்பில் பந்துவீச்சு

கபில் தேவ் ஒருநாள் போட்டிகளில் எடுத்த விக்கெட்டுகள் 253. ஒரே ஆட்டத்தில் ஐந்து விக்கெட் எத்தனை முறை எடுத்தார் என்று கேட்டால், கிரிக்கெட்டில் ஊறிய நண்பர்களே ஐந்து, ஆறு என்று வாய்க்கு வந்ததைச் சொல்வார்கள். ஒரே ஒரு முறைதான். 1983 உலகக் கோப்பையில், நாட்டிங்ஹாமில், ஆஸ்திரேலியாவுக்கு எதிராக. அந்த ஆட்டத்திலும் நாம் தோற்றோம். சரி, நம் சென்னை கிருஷ்ணமாச்சாரி ஸ்ரீகாந்த் எத்தனை முறை? இரண்டு முறை. அதுவும் ஒரே வாரத்துக்குள்.

1988 டிசம்பரில் நியூசிலாந்து அணி இங்கே வந்திருந்தது. அந்தப் பயணத்தை எல்லோரும் ரிச்சர்ட் ஹாட்லியை வைத்துத்தான் நினைவில் வைத்திருக்கிறார்கள். நவம்பரில் பெங்களூர் டெஸ்டில் அவர் 374-வது விக்கெட்டை எடுத்து, இயன் போத்தமின் உலக சாதனையைத் தாண்டினார். பத்திரிகைகளில் முழுப் பக்கம் படங்கள். அதற்குப் பிறகு வந்த ஒருநாள் தொடரில் நடந்ததை அவ்வளவாக யாரும் பேசுவதில்லை. டிசம்பர் 10, விசாகப்பட்டினம்: ஸ்ரீகாந்த் ஆஃப் ஸ்பின் போட்டு 27 ரன்னுக்கு 5 விக்கெட். பிறகு மட்டையை எடுத்துக்கொண்டு போய் 70 ரன். டிசம்பர் 15, இந்தூர்: 32 ரன்னுக்கு 5 விக்கெட். தொடரை இந்தியா 4-0 என்று வென்றது.

146 ஒருநாள் ஆட்டங்களில் அவர் எடுத்த மொத்த விக்கெட்டுகள் 25. அதில் 10, இந்த இரண்டு ஆட்டங்களில் வந்தவை. 43 டெஸ்டுகளில் ஒன்றுகூட இல்லை. சுவரில் முட்டுவதுபோல் பந்தை அடித்துவிட்டு, மூக்கை உறிஞ்சி, ஸ்கொயர் லெக் பக்கம் நடந்து திரும்பும் சீக்காவை எல்லோருக்கும் தெரியும். பந்துவீசிய சீக்காவை எத்தனை பேருக்கு நினைவிருக்கிறது?

நான் படித்தது புதுச்சேரியில், பிரெஞ்சு வழியில். எங்கள் பள்ளியில் ஃபுட்பால் உண்டு, பெரியவர்கள் கடற்கரையோரம் பெத்தாங்க் குண்டு உருட்டுவார்கள், கிரிக்கெட் கிடையாது. (பிரான்சுக்கும் கிரிக்கெட்டுக்கும் சம்பந்தமே இல்லை என்று நினைக்க வேண்டாம். 1900 பாரிஸ் ஒலிம்பிக்கில் கிரிக்கெட் இருந்தது. பங்கெடுத்தது இரண்டே அணிகள், பிரிட்டனும் பிரான்சும். 158 ரன்னில் தோற்ற பிரான்ஸ் அணியிலும் பெரும்பாலோர் பாரிஸில் வேலை பார்த்த ஆங்கிலேயர்கள்தான். எப்படியோ, வெள்ளிப் பதக்கம் பிரான்ஸ் கணக்கில்.) கிரிக்கெட்டை நான் கற்றது வானொலியிலும் ஆபீசிலும். பிரெஞ்சில் 'மி-தான்' என்று ஒரு சொல் உண்டு. ஃபுட்பால் ஆட்டத்தின் இடைவேளைக்கும் அதுதான், அரை நேர வேலைக்கும் அதுதான். பகுதிநேரப் பந்துவீச்சாளர் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு அது ஞாபகம் வரும். ஆனால் இவர்களுக்குச் சரியான பெயர் அரசாங்க ஆபீசில்தான் இருக்கிறது: 'கூடுதல் பொறுப்பு'. பக்கத்து சீட்டுக்காரர் மெடிக்கல் லீவில் போனால், அந்த ஃபைல்களும் நம் மேசைக்கு வரும். சம்பளம் அதேதான். நன்றாகச் செய்தால் யாரும் கவனிக்க மாட்டார்கள், சொதப்பினாலும் 'பாவம், அவர் வேலையா அது' என்று விட்டுவிடுவார்கள்.

இந்தக் கடைசி வசதிதான் கிரிக்கெட்டில் பெரிய ஆயுதம் என்பது என் கட்சி.

ஒருநாள் போட்டியில் ஒருவர் அதிகபட்சம் 10 ஓவர் போடலாம். 50 ஓவருக்கு ஐந்து பேர் வேண்டும். நல்ல பந்துவீச்சாளர் நான்கு பேர்தான் இருந்தால், மிச்சம் 10 ஓவரை யார் தலையிலாவது கட்ட வேண்டும். அந்த ஆள் வந்தவுடன் பேட்ஸ்மேன் மனசில் ஒரு கணக்கு ஓடுகிறது: இவனை அடிக்காமல் யாரை அடிப்பது? அந்தக் கணக்கில்தான் விக்கெட் விழுகிறது. அவன் போடும் பந்தில் வேகம் இல்லை. வேகப்பந்தை லேசாகத் திருப்பிவிட்டால் போதும், அதுவே எல்லைக் கோட்டுக்கு ஓடும். இந்தப் பந்துக்கு பேட்ஸ்மேனே தன் தோளிலிருந்து வேகத்தைக் கொடுக்க வேண்டும். நம் ஊர் பிட்சில் பந்து நின்று நின்று வரும்போது, மட்டை முன்னாடியே போய்விடுகிறது, பந்து மேலே எழும்புகிறது. இன்னொன்று, பந்தைப் போடுகிறவனும் பேட்ஸ்மேன். எந்த இடத்தில் விழுந்தால் தனக்கே அடிக்கப் பிடிக்காது என்பது அவனுக்குத் தெரியும்.

1987 நவம்பர் 8, ஈடன் கார்டன், உலகக் கோப்பை இறுதி ஆட்டம். 254 எடுத்தால் வெற்றி என்று இங்கிலாந்து நிதானமாகப் போய்க்கொண்டிருந்தது. கேப்டன் மைக் கேட்டிங் நன்றாக ஆடிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியக் கேப்டன் ஆலன் பார்டர், தொழிலால் பேட்ஸ்மேன், பந்தைத் தானே எடுத்துக்கொண்டார். முதல் பந்து. கேட்டிங் ரிவர்ஸ் ஸ்வீப் அடிக்கப் பார்த்தார், பந்து மட்டையில் பட்டு மேலே போய் விக்கெட் கீப்பர் கையில் உட்கார்ந்தது. முழுநேர ஸ்பின்னராக இருந்திருந்தால் முதல் பந்தில் அந்த ஷாட்டை கேட்டிங் ஆடியிருப்பாரா? மாட்டார் என்றுதான் நினைக்கிறேன். ஆஸ்திரேலியா 7 ரன்னில் உலகக் கோப்பையை வென்றது.

அதே பார்டர் 1989 ஜனவரியில், அதாவது சீக்காவின் இந்தூர் ஆட்டம் முடிந்து ஒன்றரை மாதத்துக்குள், சிட்னி டெஸ்டில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக 7 விக்கெட்டும், மறுபடி 4 விக்கெட்டும் எடுத்தார். ரிச்சர்ட்ஸ், கிரீனிட்ஜ், ஹேன்ஸ் எல்லாம் இருந்த அணி அது. 156 டெஸ்டுகளில் பார்டரின் மொத்த விக்கெட் 39. அதில் 11 இந்த ஒரே ஆட்டத்தில். இவர்களுக்கு விக்கெட் பருவமழை மாதிரி. வந்தால் கொட்டும், வராவிட்டால் வருஷக்கணக்கில் வறட்சி.

1983-இல் அரையிறுதியில் இங்கிலாந்தை மடக்கியது யார் என்றால் எல்லோரும் மொஹிந்தர் அமர்நாத் என்பார்கள். உண்மைதான், ஆனால் அவரைப் பகுதிநேரம் என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. 1969-இல் சேப்பாக்கத்தில் முதல் டெஸ்ட் ஆடியபோதே அவர் பந்துவீச வந்தவர். என் பட்டியலில் வருகிறவர் கீர்த்தி ஆசாத். அப்போது 60 ஓவர் ஆட்டம், ஒருவருக்கு 12 ஓவர். அமர்நாத் 12 ஓவரில் 27 ரன், ஆசாத் 12 ஓவரில் 28 ரன். 24 ஓவரில் மொத்தமே 55! நடுவில் ஆசாத் போட்ட ஒரு பந்து எழும்பாமல் தரையோடு போய் போத்தமின் ஸ்டம்பைச் சாய்த்தது. அந்தப் பந்தை எப்படிப் போட்டார் என்று அவருக்கே தெரிந்திருக்குமா என்பது சந்தேகம். தெரிய வேண்டிய அவசியமும் இல்லை.

சச்சினைப் பற்றி எழுதினால் தனிப் பதிவாகிவிடும். இரண்டே இரண்டு மட்டும். 1993 நவம்பர் 24, ஹீரோ கோப்பை அரையிறுதி, மறுபடி ஈடன். கடைசி ஓவரில் தென்னாப்பிரிக்காவுக்கு 6 ரன் தேவை. கபில், ஸ்ரீநாத், பிரபாகர் எல்லாம் மைதானத்தில் நிற்க, அசாருதீன் பந்தை 20 வயது சச்சினிடம் கொடுத்தார். அன்றைக்கு அதுவரை ஒரு ஓவர்கூட அவர் போட்டிருக்கவில்லை. முதல் பந்தில் ஒரு ரன் அவுட். அடுத்து வந்த ஆலன் டொனால்ட் பந்து பந்தாகத் திணறினார். கடைசிப் பந்தில் நான்கு தேவை, ஒன்றுதான் கிடைத்தது. கொடுத்தது 3 ரன், வெற்றி 2 ரன்னில். 2001-இல் அதே ஈடனில், லக்ஷ்மண் 281 அடித்த டெஸ்டின் கடைசி நாளில், ஒரு பக்கம் ஹர்பஜன் சாய்த்துக்கொண்டிருக்க, இன்னொரு பக்கம் ஹேடன், கில்கிறிஸ்ட், வார்ன் மூன்று பேரையும் எல்பிடபிள்யூ ஆக்கியது சச்சின்தான். ஒருநாள் போட்டிகளில் அவருக்கு இரண்டு முறை ஐந்து விக்கெட், இரண்டும் கொச்சியில். ஷேன் வார்னுக்கு ஒரே ஒரு முறை. இதைச் சொன்னால் என் பேரன் முதலில் நம்பவில்லை, ஃபோனில் தேடிப் பார்த்த பிறகுதான் ஒத்துக்கொண்டான்.

இலங்கை நண்பர்கள் கோபித்துக்கொள்ளக் கூடாது. 1996 லாகூர் இறுதி ஆட்டத்தில் அரவிந்த டி சில்வா அடித்த 107 எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்னால் மார்க் டெய்லர், பாண்டிங் உட்பட 3 விக்கெட் எடுத்து ஆஸ்திரேலியாவை இழுத்துப் பிடித்தவரும் அவர்தான்.

சென்னையிலிருந்து இன்னொரு தொடக்க ஆட்டக்காரரும் உண்டு, சடகோபன் ரமேஷ். 1999-இல் சிங்கப்பூரில் வெஸ்ட் இண்டீசுக்கு எதிராக, ஒருநாள் போட்டியில் தான் வீசிய முதல் பந்திலேயே நிக்சன் மெக்லீனை அவுட் ஆக்கினார். அப்படிச் செய்த முதல் இந்தியர் அவர். கபில் இல்லை, ஸ்ரீநாத் இல்லை, கும்ப்ளே இல்லை, ரமேஷ்! அவர் வாழ்நாளில் எடுத்த ஒருநாள் விக்கெட்டும் அந்த ஒன்றுதான்.

இந்த ஜாதி இப்போது அருகி வருகிறது. 2011 கடைசியிலிருந்து 2025 வரை ஒருநாள் ஆட்டம் முழுக்க இரண்டு முனைக்கும் இரண்டு புதுப் பந்து இருந்தது. அந்த வருஷங்களில் பந்து தேய்ந்து மெத்தென்று ஆனதே இல்லை. 2012-இல் வட்டத்துக்கு வெளியே நான்கு பேர்தான் நிற்கலாம் என்றார்கள். பகுதிநேரக்காரருக்கு எல்லைக் கோட்டில் நிற்கும் ஐந்தாவது ஆள்தான் உயிர். யுவராஜ், ரெய்னாவை வைத்து ஓவர்களை ஓட்டிக்கொண்டிருந்த தோனி இதை வெளிப்படையாகவே குறை சொன்னார். நெட் பயிற்சியிலும் முன்பெல்லாம் பேட்ஸ்மேன்கள் ஒருவருக்கொருவர் பந்து போட்டுக்கொள்வார்கள். இப்போது கையில் நீளமான கரண்டி மாதிரி ஒன்றை வைத்துப் பந்தை எறிவதற்கென்றே சம்பளத்துக்கு ஆள் இருக்கிறார்கள். கை மறந்துபோகாதா?

எங்கள் மணிமங்கலத்தில் இந்தக் கஷ்டம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரகடம் கம்பெனிகளில் வேலை செய்யும் பையன்கள் வந்து டென்னிஸ் பந்தில் 12 ஓவர் ஆட்டம் ஆடுவார்கள். நன்றாகப் பந்து போடுகிறவன் பாதி ஆட்டத்தில் செகண்ட் ஷிஃப்டுக்கு கம்பெனி பஸ் பிடிக்க ஓடிவிடுவான். மிச்ச ஓவரை ஓப்பனிங் ஆடினவன்தான் போட வேண்டும். அவன் போடும் பந்தில்தான் விக்கெட்டும் விழுகிறது. பூவரச மரத்தடியில் உட்கார்ந்து பல வாரம் பார்த்திருக்கிறேன்.

2023 உலகக் கோப்பைக்கு வருகிறேன். ஹார்திக் பாண்டியா காயம்பட்டுப் போனபின் நம்மிடம் ஐந்தே பந்துவீச்சாளர்கள். நவம்பர் 12-இல் நெதர்லாந்துக்கு எதிராக பெங்களூரில் ஒத்திகை மாதிரி கோலி, கில், சூர்யகுமார், ரோகித் எல்லோரும் பந்து போட்டார்கள். கோலிக்கு ஒரு விக்கெட், ரோகித்துக்கு ஒரு விக்கெட். மைதானமே சிரித்துக் கொண்டாடியது. ஒரு வாரம் கழித்து அகமதாபாத் இறுதி ஆட்டத்தில் டிராவிஸ் ஹெட்டும் லபுஷேனும் 192 ரன் சேர்த்தார்கள். ஐந்து பேரே திரும்பத் திரும்ப வந்து போட்டார்கள். ஆறாவதாக ஒருவரிடம் ஒரே ஒரு ஓவர்கூடக் கொடுத்துப் பார்க்கவில்லை. கொடுத்திருந்தால் ஜெயித்திருப்போம் என்று நான் சொல்ல வரவில்லை, 240 ரன் போதாது. ஆனால் எதிரில் 137 அடித்த அந்த ஹெட் இருக்கிறாரே, மூன்று நாள் முன்பு ஈடன் அரையிறுதியில் அடுத்தடுத்த பந்தில் கிளாசனையும் யான்சனையும் வீழ்த்தியவர். அவரும் தொடக்க ஆட்டக்காரர்தான். அவர்கள் கேப்டன் கேட்டார், அவர் போட்டார்.

நம் ஆட்கள் மறந்துவிட்டார்கள் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். 2024 ஜூலை 30, இலங்கையில் பல்லேகலே, டி20 ஆட்டம். நாம் எடுத்தது 137. இலங்கைக்கு 12 பந்தில் 9 ரன் போதும். சிராஜுக்கு ஓவர் பாக்கி இருந்தது. கேப்டன் சூர்யகுமார் யாதவ் 19-வது ஓவரை ரிங்கு சிங்கிடம் கொடுத்தார். அதுவரை சர்வதேச டி20-இல் பந்தே போடாத மனிதர். 3 ரன், 2 விக்கெட். கடைசி ஓவரில் 6 தேவை, 1993-இல் இருந்த அதே 6. பந்தை யாரிடம் கொடுப்பார் என்று பார்த்தால், சூர்யா தானே எடுத்துக்கொண்டார். அவரும் அதற்கு முன் போட்டதில்லை. 5 ரன், 2 விக்கெட். ஆட்டம் டை.

சூப்பர் ஓவருக்கு மட்டும் முழுநேரக்காரரைக் கூப்பிட்டார்கள், நம் சென்னை வாஷிங்டன் சுந்தர். நான்கு பந்தில் இரண்டு விக்கெட், இலங்கைக்கு 2 ரன். சூர்யா முதல் பந்தையே பவுண்டரிக்கு அனுப்பிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினார்.