கார்புரேட்டரும் டர்போவும்

காலையில் சோக்கை இழுத்து வண்டியைக் கிளப்பிய தலைமுறை நாம். நமக்குக் கார்புரேட்டரை அறிமுகம் செய்யத் தேவையில்லை. குறுகலான கழுத்து வழியே காற்று பாயும்போது அங்கே அழுத்தம் குறையும். ஜெட் வழியாகப் பெட்ரோல் தானாக உறிஞ்சப்படும். இந்த எளிய ஏற்பாட்டுக்குச் சோதனையாக வந்தது டர்போ.

டர்போ என்பது சைலன்சர் பக்கம் வீணாகப் போகும் சூடான புகையால் சுழலும் விசிறி. அது என்ஜினுக்குள் கூடுதல் காற்றைத் திணிக்கும். அதற்கேற்பப் பெட்ரோலும் கூட வேண்டும். குறைந்தால் நாக்கிங் வரும், பிஸ்டனே ஓட்டையாகிவிடும்.

1962இல் அமெரிக்காவில் ஓல்ட்ஸ்மொபைல் ஜெட்ஃபயர் வந்தது. 3.5 லிட்டர் வி8 என்ஜின், 215 குதிரைத்திறன், ஒரு கார்புரேட்டர். நாக்கிங்கைத் தடுக்கத் தண்ணீரும் மெத்தனாலும் கலந்த திரவத்துக்குத் தனித் தொட்டி வைத்தார்கள். பலர் அதை நிரப்ப மறந்தார்கள். 1963உடன் அந்தக் கார் நின்றுபோனது.

கார்புரேட்டரை எங்கே வைப்பது என்பதும் தலைவலிதான். டர்போவுக்கு முன்னால் வைத்தால் பெட்ரோல் கலந்த காற்றே டர்போ வழியாகப் போகும். அதைக் குளிர்விக்க இன்டர்கூலர் வைத்தால் பெட்ரோல் அதில் தேங்கிவிடும். பின்னால் வைத்தால் மிதவை அறைக்கும் அதே அழுத்தம் கொடுக்க வேண்டும், பம்பின் அழுத்தமும் ஏற வேண்டும். 1980இன் லோட்டஸ் எஸ்பிரி டர்போ இப்படித்தான் ஓடியது. 1985இன் ரெனோ 5 ஜிடி டர்போவும் அப்படியே. ஆனால் சூடாக நிறுத்தினால் மறுபடி கிளம்ப அடம்பிடிக்கும்.

ப்யூக் ரீகல் இதற்கு நல்ல சான்று. 1978இல் 3.8 லிட்டர் வி6 டர்போ, கார்புரேட்டருடன் 165 குதிரைத்திறன் தந்தது. 1984இல் மின்னணு எரிபொருள் இன்ஜெக்‌ஷன் வந்ததும் 200. பெட்ரோல் வால்வருகே தெளிக்கப்பட்டதால் குழாயில் வெறும் காற்றுதான். ஆகவே 1986இல் இன்டர்கூலர் சேர்க்க முடிந்தது, 235 ஆயிற்று. அதே 3.8 லிட்டர்தான்.

பழைய காருக்கு டர்போ பூட்டுகிறவர்கள் இன்றும் இதே கேள்வியில் நிற்கிறார்கள். கார்புரேட்டரை ஒரு ஸ்க்ரூடிரைவரோடு சாலையோரத்திலேயே சரிசெய்யலாம். வண்டியின் பழைய அழகும் கெடாது. இன்ஜெக்‌ஷனுக்கு வயரிங், சென்சார், புதுப் பம்ப் எல்லாம் வேண்டும். ஆனால் அது உள்ளே வரும் காற்றைக் கணக்கிட்டுப் பெட்ரோல் தருகிறது.

என் கருத்து இது. கார்புரேட்டரோடு பிறந்த டர்போ காரை அப்படியே காப்பாற்றுங்கள், அது சரித்திரம். புதிதாக டர்போ பூட்டுவதானால் இன்ஜெக்‌ஷனையும் சேர்த்தே பூட்டுங்கள். பழைய பிஸ்டனுக்கு மாற்று கிடைப்பது அரிது.