நமைச்சலும் நகமும்

பாரிஸ் நகரில் கொள்ளைநோய் கண்டவர்களை ஊராரிடமிருந்து விலக்கி வைக்கும் பொருட்டு, நான்காம் ஹென்றி மன்னரின் ஆணைப்படி 1607ஆம் ஆண்டில் மதிலுக்குப் புறத்தே கட்டத் தொடங்கிய சேன் லூயி வைத்தியசாலை, 1801ஆம் ஆண்டு முதல் சரும வியாதிகளுக்கென்றே ஒதுக்கப்பட்டு, சரும வைத்திய சாஸ்திரத்தின் பிறப்பிடங்களுள் ஒன்றாக விளங்கிற்று. காகிதக் கூழால் பழ உருவங்கள் செய்து ஜீவனம் நடத்திவந்த பரெத்தா என்னும் கலைஞர் அங்கே அழைக்கப்பட்டு, நோயாளியின் தோல்மீதே சாந்து பூசி அச்செடுத்து, அதில் மெழுகை வார்த்து, தழும்பும் தடிப்பும் உள்ளபடியே தோன்ற வண்ணந் தீட்டினார்; அவ்வுருவங்கள் நிறைந்த காட்சிசாலை 1889இல் திறக்கப்பட்டது.

உருவத்தை இவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கப் பழகிய வைத்தியர்களுக்கும் ஒரு வியாதி நெடுநாள் பிடிபடவில்லை. பிடரியிலோ கணுக்காலிலோ முன்கையிலோ உள்ளங்கையளவான ஓரிடம் கறுத்துத் தடித்து, தோலின் மெல்லிய ரேகைகள் கீறிவிட்டாற்போல் ஆழ்ந்து, பதனிட்ட தோல்போலச் சொரசொரத்துப் போகும். இரவில் நமைச்சல் நித்திரையைக் கெடுக்கும். 1886இல் எமீல் விதால் என்னும் வைத்தியர் இதனைத் தனி வியாதியாக விவரித்தார். 1891இல் லூயி புரோக், ழாக்கே என்னும் வைத்தியர்கள் முறையை மாற்றிச் சிந்தித்தார்கள்: தடிப்பினால் நமைச்சல் உண்டாகவில்லை, நமைச்சல் முந்தியது, இடைவிடாது சொறிந்ததன் பலனே தடிப்பு என்றும், அந்த நமைச்சலுக்கு நரம்புகளின் கோளாறே மூலம் என்றும் கூறி, நோய்க்கு 'நியூரோடெர்மடைட்டிஸ்' என்று பெயரிட்டார்கள்.

சொறியும்போது எழும் சிறு வேதனை நமைச்சலைக் கணநேரம் அடக்குவதால் சுகம் பிறக்கிறது. ஆனால் காயமுற்ற தோலில் அழற்சி மூண்டு நரம்புகளை மறுபடியும் தூண்டுவதால், கை தன்னையறியாமல் அங்கேயே செல்கிறது. பூச்சிக்கடியோ வறட்சியோ ஆடையின் உராய்வோ தொடங்கிவைத்ததை, மூல காரணம் மறைந்த பின்னும், இச்சுழலே வளர்க்கிறது. மனக்கவலை அதற்குத் துணை நிற்கிறது. 1952இல் அமெரிக்காவில் சல்ஸ்பெர்கர், விட்டன் என்னும் சரும வைத்தியர்கள் ஹைட்ரோகார்டிசோன் களிம்பின் பலனை வெளியிட்டபின், அழற்சியைத் தணிக்க நல்ல சாதனம் கிடைத்தது. எனினும் நகம் ஓயாத வரையில் எந்தக் களிம்பும் நிலைத்த பலன் தராது.

இந்நோய் தொற்றுவதன்று, அசுத்தத்தின் அடையாளமும் அன்று. ஆதலின், அல்லற்படுகிறவரைச் "சொறியாதே" என்று அதட்டுவதை விடுத்து, நகத்தை ஒட்ட நறுக்கி, அவ்விடத்தைத் துணியால் மூடிக் காத்து, சரும வைத்தியரிடம் அழைத்துச் செல்வதே அன்புடையோர் கடமை.