துருக்கியர் விடுதி

வெனிஸ் நகரின் பெருங்கால்வாயில் நண்பர்களுடன் நாள் முழுதும் படகேறித் திரிந்தோம். மாளிகைகளைக் கண்டு கண்டு சலித்திருந்த வேளையில், ‘துருக்கியர் விடுதி’ என்றதும் நிமிர்ந்து அமர்ந்தோம். விடுதியை இத்தாலியர் ‘ஃபொன்தாக்கோ’ என்பர். ‘ஃபுந்துக்’ என்னும் அரபுச் சொல்லே அங்ஙனம் உருமாறிற்று.

1621 முதல் 1838 வரை உதுமானிய வணிகர் தங்கியதும், சரக்கு வைத்ததும், விலை பேசியதும் இங்கேதான். அச்சமும் ஆதாயமும் கலந்த ஏற்பாடு அது. இரவில் கதவுகள் பூட்டப்பட்டன. எனினும் உள்ளே தொழுமிடமும் குளியலறையும் இருந்தன. கிரீட் தீவுக்காக 1645இல் மூண்டு, 24 ஆண்டுகள் நீடித்த போருக்குப் பின்னரும் வணிகர் வரவே செய்தனர்.

இன்று அது இயற்கை வரலாற்று அருங்காட்சியகம். தொழுமிடம் எந்த அறையென்று கேட்டோம், காவலர் கைவிரித்தார். 1860களில் கட்டடத்தையே ஏறக்குறையப் புதிதாக எழுப்பிவிட்டனராம். லுஹர் நேரமாகியிருந்தது, கிப்லாத் திசை பார்த்து, படித்துறை ஓரமாய் இடம் தேடினோம்.