கோடகன் பிள்ளை வழக்கும் பிரிவி கவுன்சிலும்

டொமினியன் நிலை பெற்ற நாடுகள் தம்மைத் தாமே ஆளத் தொடங்கிய பின்னரும், இறுதி நீதிக்கு இலண்டனிலுள்ள பிரிவி கவுன்சிலையே நாடிநின்றமை வரலாற்றில் ஒரு விந்தையாகும். கனடாவும் இந்தியாவும் 1949ஆம் ஆண்டுச் சட்டங்களால் அத்தொடர்பை அறுத்தன. 1948இல் டொமினியனான இலங்கையோ 1971வரை அதனைப் பேணிற்று. அக்காலத்தே அங்குச் சென்ற மேன்முறையீடுகளுள், கலஹாவைச் சூழ்ந்த தோட்டங்களில் வாழ்வோரின் விதியை நேரே தொட்டது கோடகன் பிள்ளை வழக்கு.

1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டத்தின்படி, இந்நாட்டிற் பிறந்தமை மட்டும் ஒருவரைப் பிரசையாக்காது. தந்தை இங்கு பிறந்திருத்தல் வேண்டும்; அன்றேல் தந்தைவழிப் பாட்டனும் பூட்டனும் இங்கு பிறந்திருத்தல் வேண்டும். கலஹாவுக்கு அண்மையிலுள்ள லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெய்லர் தேயிலை நட்டது 1867இல். அம்மலைகளில் உழைத்தவருள் எத்தனை பேர் லயத்திற் பிறந்த தந்தைக்குச் சான்றிதழ் காட்டவல்லார்? பிரசையல்லாதார்க்கு வாக்கில்லையென 1949ஆம் ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டம் விதித்தது.

ருவன்வெல்ல வாக்காளர் இடாப்பில் தம் பெயர் மறுக்கப்பட்ட கோடகன் பிள்ளை, அரசியலமைப்பின் 29ஆம் பிரிவைத் துணைக்கொண்டார். பிற சமூகத்தார்க்கில்லாத தடையை ஒரு சமூகத்தார்மீது சட்டம் சுமத்தலாகாது என்பது அப்பிரிவு. இடாப்புத் திருத்த அலுவலர் அவர் பக்கம் தீர்ப்பளித்தார். உயர் நீதிமன்றம் 1951இல் அதனை நீக்கிற்று. 1953இல் பிரிவி கவுன்சிலும் உயர் நீதிமன்றத்தையே ஆதரித்தது. மறைமுகமாகவும் ஒரு சட்டம் தடை விதிக்கக்கூடும் என்பதை நீதிபதிகள் ஒப்புக்கொண்டனர். ஆயினும், இந்தியத் தமிழர் வந்துபோகும் இயல்பினர் என்பது பிரசாவுரிமைக்குரிய தகுதியைப் பற்றிய செய்தியேயன்றிச் சமூகத்தைப் பற்றியதன்று என்றனர். விண்ணப்பித்துப் பிரசாவுரிமை பெற 1949இல் இயற்றப்பட்ட இந்திய பாகிஸ்தானிய வதிவோர் சட்டத்தையும் சுட்டினர்.

இவ்விடத்தே தீர்ப்பு வலுவிழக்கின்றது என்பது எம் கருத்து. சட்டத்தின் சொற்களை நுணுகி ஆய்ந்த மன்றம், அச்சொற்கள் மலைநாட்டில் விளைத்த பயனை நிறுக்கவில்லை. 1947ஆம் ஆண்டுத் தேர்தலில் ஏழு உறுப்பினரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பியது இலங்கை இந்தியக் காங்கிரஸ். 1952இல் ஒருவரையேனும் அனுப்ப இயலவில்லை. தொலைவிலுள்ள நீதிபதிக்கு நடுநிலை எளிது; தொலைவு காட்சியையும் மறைத்துவிடும்.

அதே மன்றம் 1964இல், ரணசிங்க வழக்கில், 29ஆம் பிரிவின் காப்புகளை இலங்கைப் பிரசைகள் தம்முட் கண்ட உரிமைச் சமநிலை எனப் போற்றிற்று. பிரசைகள் என்ற அச்சொல்லுக்குள் தோட்ட மக்களிற் பெரும்பாலோர் அப்போது இல்லை. 1971இல் இலண்டன் மேன்முறையீடு ஒழிந்தது. 1972ஆம் ஆண்டின் அரசியலமைப்பு 29ஆம் பிரிவை ஏற்கவில்லை. எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்குப் பிரசாவுரிமை வழங்கும் சட்டத்தை இந்நாட்டுப் பாராளுமன்றமே 2003இல் இயற்றியது.