இலைக்கு ஒரு நீதி, பூவுக்கு ஒரு நீதி: கஞ்சாச் சட்டத்தின் வட்டார வரலாறு

திருவனந்தபுரம் மாவட்டத்தின் நெடுமங்காடு வட்டத்தில், பொன்முடியின் அடிவாரத்தில் அமைந்தது வித்துரா. அதன் கிழக்கே காடு படிப்படியாக உயர்ந்து, 1,868 மீட்டர் உயரமுள்ள அகத்தியர் மலையைக் கொண்ட தொடரைச் சென்றடைகிறது. தொடரின் மறுசரிவில் முண்டந்துறையும் பாபநாசமும் உள்ளன. காணிக்காரர் இரு சரிவுகளிலும் வாழ்ந்துவருகின்றனர். மலை ஒன்று, மக்களும் ஒருவரே. ஆட்சிதான் இரண்டாக இருந்தது. மேற்குச் சரிவு திருவிதாங்கூர் சமஸ்தானம், கிழக்குச் சரிவு மதராஸ் மாகாணம். எந்தப் பொருளை யார் விற்கலாம், எவ்வளவு கையில் வைத்திருக்கலாம், எந்த வழியாகக் கொண்டுசெல்லலாம் என்பவை மலைமுகட்டைத் தாண்டியதும் மாறின. அவ்வாறு மாறிய பொருள்களுள் ஒன்று கஞ்சா.

இன்று வாராணசியில் அரசு உரிமம் பெற்ற கடையில் பாங்கு உருண்டை வெளிப்படையாக விற்கப்படுகிறது. வித்துராவில் அத்தகைய கடை இல்லை; கேரளத்தில் எங்கும் இல்லை; தமிழ்நாட்டிலும் இல்லை. ஒரே நாடு, ஒரே மத்தியச் சட்டம், ஒரே செடி. இருந்தும் ஏன் இந்த வேறுபாடு? வடக்கின் பண்பாடு வேறு, தெற்கின் பண்பாடு வேறு என்பது வழக்கமான விடை. அதில் ஓரளவு உண்மை உண்டு. ஆனால் ஆவணங்களை வரிசைப்படுத்திப் பார்த்தால் வேறொரு விடை தெளிவாகிறது. இந்தியாவில் கஞ்சாவின் சட்ட எல்லைகளை முதலில் வரைந்தது ஒழுக்கமும் அன்று, மருத்துவமும் அன்று, வரி வருவாயே. குற்றவியல் சட்டம் பின்னர் வந்து அந்தப் பழைய கோடுகளின்மேல் அமர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரித்தானிய இந்தியா முழுமைக்கும் பொதுவான கஞ்சாக் கொள்கை இருக்கவில்லை. வங்காளத்தில், இன்று வங்கதேசத்தில் உள்ள நவகாவ் பகுதியில் மட்டும் அரசின் மேற்பார்வையில் கஞ்சா பயிரானது. அறுவடை கிடங்குகளுக்குச் சென்றது. மொத்த வணிகர் தீர்வை செலுத்தி, அனுமதிச் சீட்டுடன் எடுத்துச் சென்றனர். தட்டைக் கஞ்சா, உருண்டைக் கஞ்சா, தூள் என்று வகைக்கு ஏற்பத் தீர்வையும் வேறுபட்டது. மத்திய மாகாணங்களில் காண்ட்வா அத்தகைய மையமாக விளங்கியது. பஞ்சாபில் உள்ளூர்க் கஞ்சாவைவிட யார்க்கந்திலிருந்து லே வழியாக வந்த சரஸ் முதன்மை பெற்றது. பர்மாவிலோ விற்பனையே தடைசெய்யப்பட்டிருந்தது. மதராஸ் மாகாணத்தில் 1886ஆம் ஆண்டின் ஆப்காரிச் சட்டத்துக்குப் பின்னர் கட்டுப்பாடு படிப்படியாக இறுகியது. வட ஆர்க்காட்டின் சந்தவாசலும் தெலுங்குப் பகுதியின் தக்குபாடும் அரசுக் கிடங்குகள் அமைந்த ஊர்களாயின. மாகாணத்தின் உரிமக் கடைகளுக்குச் சரக்கு அங்கிருந்தே சென்றது.

இந்த ஏற்பாடுகள் அனைத்திலும் ஒரே தர்க்கம் இயங்கியது. பயிரிடும் இடத்தைச் சுருக்கினால் கண்காணிப்பது எளிது. கிடங்கிலிருந்து வெளியேறும் ஒவ்வொரு மூட்டைக்கும் சீட்டு இருந்தால் தீர்வை தப்பாது. கடையை ஏலத்தில் விட்டால் அரசுக்கு இரண்டாம் வருவாய் கிடைக்கும். தனிமனிதர் வைத்திருக்கும் அளவுக்கு வரம்பு விதித்தால் கள்ள வணிகம் குறையும். இன்றைய சட்டத்தில் குற்றங்களாக வரிசைப்படுத்தப்படும் பயிரிடல், வைத்திருத்தல், விற்றல், கொண்டுசெல்லல் என்னும் வினைகள் அன்று தீர்வை வசூலிக்கும் கட்டங்களாகவே பிரிக்கப்பட்டன.

1893ஆம் ஆண்டு மார்ச்சில் இங்கிலாந்தின் மக்களவையில் எழுந்த ஒரு கேள்வியின் விளைவாக, அதே ஆண்டு ஜூலையில் இந்திய அரசு ஒரு விசாரணைக் குழுவை அமைத்தது. மேக்வொர்த் யங் தலைமையிலான இந்தியச் சணல் போதைப்பொருள் ஆணையம் 1,193 சாட்சிகளை விசாரித்து, 1894இல் பல தொகுதிகளாக அறிக்கை அளித்தது. மிதமான பயன்பாடு பெரும்பாலும் தீங்கற்றது, முழுத்தடை தேவையும் அன்று, நடைமுறைக்கு உகந்ததும் அன்று என்பது அதன் முடிவு. இலையிலிருந்து பெறப்படும் பாங்கைத் தடுக்க முனைவது நியாயமற்றது என்றும் அது கருதியது. கஞ்சாவின் ஆதரவாளர்கள் இந்த அறிக்கையைத் தங்கள் சான்றாக இன்றும் காட்டுகின்றனர். ஆயினும் அறிக்கையின் பரிந்துரைப் பகுதி தடையை மறுத்ததோடு நிற்கவில்லை. பயிரைக் குறிப்பிட்ட இடங்களில் குவிப்பது, தீர்வையை உயர்த்துவது, கடைகளின் எண்ணிக்கையைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றையும் அது வலியுறுத்தியது. விடுதலையைப் பேசிய ஆவணமாக அதை வாசிப்பது பிழை. அது சீரான வரி நிருவாகத்தைப் பேசிய ஆவணம்.

சீர்மைக்கு முதல் தடையாக நின்றவை சமஸ்தானங்கள். 1865இல் பிரித்தானிய அரசுக்கும் திருவிதாங்கூருக்கும் கொச்சிக்கும் இடையே ஏற்பட்ட வணிக உடன்படிக்கை எல்லைச் சுங்கத்தைப் பெருமளவு அகற்றியது. ஆனால் சாராயம், அபினி, கஞ்சா போன்ற ஆப்காரி இனங்கள் ஒவ்வோர் அரசின் சொந்த வருவாயாகவே நீடித்தன. எனவே பொதுச்சரக்குக்கு எல்லை மங்கியபோதும் கஞ்சாவுக்கு மங்கவில்லை. திருவனந்தபுரத்திலிருந்து நெடுமங்காடு, பாலோடு வழியாகச் செங்கோட்டைக்குச் செல்லும் சாலை இதற்குப் பொருத்தமான சான்று. மலையின் கிழக்கே, தமிழ் பேசும் சமவெளியில் இருந்த செங்கோட்டை 1956 வரை திருவிதாங்கூருக்கும் பின்னர் திருவிதாங்கூர்-கொச்சிக்கும் உரியது. அங்கிருந்து சில மைல் தொலைவில் தென்காசி மதராஸ் சட்டத்தின்கீழ் இருந்தது. மொழி மாறாத இடத்தில் சட்டம் மாறியது. மொழி மாறிய மலைக்கு இப்பால் சட்டம் மாறவில்லை. பண்பாடே சட்டத்தைத் தீர்மானித்தது என்னும் வாதம் இந்த இடத்தில் நிற்காது.

1956 நவம்பர் 1இல் செங்கோட்டை வட்டத்தின் பெரும்பகுதி மதராஸ் மாநிலத்துடன் இணைந்தது. ஆனால் மாநில மறுசீரமைப்புச் சட்டத்தின் 119ஆம் பிரிவின்படி, உரிய சட்டமன்றம் மாற்றும்வரை பழைய சட்டங்களே பழைய நிலப்பரப்பில் தொடர்ந்தன. நிலப்படம் ஒரே நாளில் மாறியது. சட்டம் மெதுவாகப் பின்தொடர்ந்தது. வித்துராவின் கதை இதனினும் வியப்பானது. கேரளத்தில் இன்று நடைமுறையில் உள்ள ஆப்காரிச் சட்டம் கொல்லம் ஆண்டு 1077இன் 1ஆம் சட்டம். அதாவது 1902இல் கொச்சி சமஸ்தானம் இயற்றியது. 1967இல் அது கேரளம் முழுமைக்கும் விரிக்கப்பட்டது. ஒருநாளும் கொச்சி மன்னரின் ஆட்சியில் இராத வித்துராவை இன்று ஆள்வது கொச்சியில் பிறந்த சட்டம். மதுவுடன் போதை தரும் சரக்குகளையும் சேர்த்தே அச்சட்டம் பேசுகிறது.

மதராஸின் பாதை வேறு. 1937ஆம் ஆண்டின் மதுவிலக்குச் சட்டம் முதலில் சேலம் மாவட்டத்தில் அந்த ஆண்டு அக்டோபர் 1இல் நடைமுறைக்கு வந்து, 1948இல் மாகாணம் முழுதும் பரவியது. அது மதுவுடன் போதைச் சரக்குகளையும் தன் வரம்புக்குள் கொண்டது. கள்ளையும் சாராயத்தையும் எதிர்த்த இயக்கத்தின் வேகத்தில் கஞ்சாவும் விலக்குப் பட்டியலுக்குள் சென்றது. உத்தரப் பிரதேசத்தில் பாங்கு ஆப்காரி வருவாயாகத் தொடர்ந்ததற்கும், தமிழ்நாட்டில் தொடராததற்கும் உரிய காரணங்களை இத்தகைய நிருவாகத் திருப்பங்களில் தேடவேண்டும்.

கடல் கடந்த தமிழரும் இந்த வேறுபாட்டை நேரடியாக அனுபவித்தனர். கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக இந்தியர் சென்றிறங்கிய நட்டாலில், 1870இன் கூலிச் சட்டம் அவர்கள் கஞ்சா புகைப்பதையும் வைத்திருப்பதையும் அவர்களுக்கு விற்பதையும் தடுத்தது. தாயகத்தில் அரசே உரிமம் கொடுத்த பொருள், அதே பேரரசின் மற்றொரு நிலத்தில் ஓர் இனத்தாரைக் குறிவைத்துத் தடுக்கப்பட்டது. இங்கு கஞ்சா வருவாய் தந்தது. அங்கு அது உழைப்பைக் குறைப்பதாகக் கருதப்பட்டது. பேரரசு இரு இடங்களிலும் தன் கணக்கையே பார்த்தது. இலங்கையில் 1929இன் 17ஆம் கட்டளைச் சட்டம் நஞ்சுகள், அபினி, அபாயகரமான மருந்துகள் ஆகியவற்றை ஒரே வரம்புக்குள் கொணர்ந்தது.

உலக அளவில் 1925ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கை இந்தியச் சணலைப் பன்னாட்டுக் கட்டுப்பாட்டுக்குள் சேர்த்தது. அதை ஒட்டி இந்தியாவில் 1930ஆம் ஆண்டின் அபாயகரமான மருந்துகள் சட்டம் வந்தது. விடுதலைக்குப் பின் அரசமைப்பும் பழைய தடத்தையே பின்பற்றியது. அதன் ஏழாம் அட்டவணையில், மாநிலப் பட்டியலின் 51ஆம் இனம் அபினியையும் இந்தியச் சணலையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அவற்றின்மீது ஆயத்தீர்வை விதிக்கும் உரிமையை மாநிலங்களுக்கு வழங்குகிறது. அதே அரசமைப்பின் 47ஆம் உறுப்பு, உடல்நலத்துக்குக் கேடான போதைப்பொருள்களைத் தடுக்க அரசு முயலவேண்டும் என்கிறது. ஒரு கை வரி கேட்கிறது. மறு கை தடை கேட்கிறது. எந்தக் கையைப் பற்றுவது என்பதை ஒவ்வொரு மாநிலமும் தானே முடிவு செய்தது.

1961ஆம் ஆண்டின் ஒற்றைப் பன்னாட்டு உடன்படிக்கை, மருத்துவம் சாராத கஞ்சாப் பயன்பாட்டை நிறுத்த அவகாசம் கேட்ட நாடுகளுக்கு 25 ஆண்டுகள் அளித்தது. உடன்படிக்கை 1964 டிசம்பரில் நடைமுறைக்கு வந்ததால், அவகாசம் 1989இல் முடியவிருந்தது. அதற்கு நான்காண்டுகளுக்கு முன், 1985 நவம்பர் 14இல் இந்தியாவின் போதைப்பொருள் மற்றும் மனமயக்கப் பொருள்கள் சட்டம் நடைமுறைக்கு வந்தது. உடன்படிக்கையின் வரையறையை அடியொற்றி, செடியின் பூக்கும் அல்லது காய்க்கும் நுனிகளை மட்டுமே அது கஞ்சா என்றது. நுனிகளுடன் சேராத இலையையும் விதையையும் விலக்கியது. மத்தியச் சட்டம் கைவிட்ட இலை, மாநிலங்களின் ஆப்காரிச் சட்டங்களிடம் திரும்பியது. உத்தரப் பிரதேசமும் இராசத்தானும் பாங்குக் கடைகளுக்கு உரிமம் கொடுப்பது இந்த இடைவெளியால்தான். பாங்கு மத்தியச் சட்டத்தின் கஞ்சா வரையறைக்குள் வராது என்னும் நிலைப்பாட்டைக் கர்நாடக உயர் நீதிமன்றம் 2022இல் ஒரு பிணை வழக்கில் எடுத்தது.

இந்த வரையறை ஏட்டளவில் நிற்பதன்று. மனிதரின் ஆண்டுகளைத் தீர்மானிப்பது. 2001ஆம் ஆண்டின் அறிவிப்பின்படி 1 கிலோகிராம் வரையிலான கஞ்சா சிறிய அளவு; 20 கிலோகிராமுக்கு மேற்பட்டது வணிக அளவு. முன்னதற்கு அதிகபட்சச் சிறை ஓராண்டு; பின்னதற்குக் குறைந்தபட்சமே பத்தாண்டுகள், பிணை பெறுவதும் மிகக் கடினம். பறிமுதல் செய்யப்பட்ட மூட்டையில் இலையும் தண்டும் விதையும் கலந்திருந்தால், எதைச் சேர்த்து எடைபோடுவது? இலையைப் பிரித்தால் ஒரு தண்டனை. பிரிக்காவிட்டால் வேறொரு தண்டனை. தராசில் வைக்கும்முன் மூட்டையைப் பிரித்துப் பார்த்தார்களா என்ற கேள்வி நீதிமன்றங்களில் மீண்டும் மீண்டும் எழுகிறது. திறமையான வழக்குரைஞரை அமர்த்த இயன்றவர் அக்கேள்வியை எழுப்புகிறார், இயலாதவர் எழுப்புவதில்லை.

மேலும், நாட்டின் பல மாநிலங்களிலிருந்தும் மாணவர் வந்து பயிலும் இந்திய அறிவியல் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் ஒன்று வித்துராவில்தான் இயங்குகிறது. ஹோலிக்கு ஊர் சென்ற ஒருவர் உரிமக் கடையில் வாங்கிய பாங்கு உருண்டையைப் பையில் வைத்துத் திரும்புகிறார் என்று கொள்வோம். வாங்கிய இடத்தில் அவர் வாடிக்கையாளர். வந்துசேர்ந்த இடத்தில் அவர் எந்தச் சட்டத்துக்கும் விடை சொல்லவேண்டியவர் ஆகலாம். கடைக்காரர் கொடுத்த உரிமம் கடையின் வாசலோடு முடிகிறது. மாநில எல்லையைக் கடந்து அது பேசாது.

வட்டார வேறுபாடு இந்தியாவுக்கு மட்டும் உரியதன்று. 2018 அக்டோபர் 17இல் கஞ்சாவைச் சட்டபூர்வமாக்கிய கனடாவில், வயது வரம்பு அல்பர்ட்டாவில் 18, ஒன்ராறியோவில் 19, 2020 முதல் கியூபெக்கில் 21. தமிழர் பெருமளவில் வாழும் ஒன்ராறியோவில், தொடக்கத்தில் அரசின் இணையக் கடையில் பதிவுசெய்து வீட்டுக்கு வரவழைப்பதே பொதுநுகர்வுக்கு வாங்கும் ஒரே சட்டபூர்வ வழி. கடைகள் 2019 ஏப்ரலில்தான் திறந்தன. வீட்டில் செடி வளர்ப்பதைத் தடுத்த கியூபெக்கின் சட்டத்தைக் கனடாவின் உச்ச நீதிமன்றம் 2023இல் உறுதிசெய்தது. தாய்லாந்து 2022இல் தளர்த்தியதை 2025இல் மீண்டும் இறுக்கி, பூவுக்கு மருத்துவச் சீட்டு வேண்டும் என்றது.

இந்தியாவிலும் கோடுகள் மீண்டும் நகர்கின்றன. உத்தராகண்ட் 2018இல் போதைத்தன்மை குறைந்த தொழில்சார் சணல் சாகுபடிக்கு உரிமம் அளித்தது. சணல் விதையையும் அதன் எண்ணெயையும் உணவாக விற்க 2021இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் வழிவகுத்தது. இமாச்சலப் பிரதேசச் சட்டமன்றம் 2024இல் மருத்துவ, தொழில் பயன்பாட்டுக்கான சாகுபடியை ஆதரித்தது. இவ்விவாதங்களில் நோயாளியின் பெயரும் உழவரின் பெயரும் ஒலித்தாலும், மாநிலத்தின் வருவாய் மீண்டும் முன்வரிசையில் நிற்கிறது. நவகாவிலும் சந்தவாசலிலும் கேட்ட பழைய குரல் அது.

ஆகவே, கஞ்சாச் சட்டத்தின் வரலாற்றை ஆராய்வோர் குற்றவியல் தொகுப்புகளுக்கு முன் ஆப்காரி அறிக்கைகளைத் திறப்பது நன்று. எது குற்றம் என்பது எங்கே முடிவானது என்ற வினாவுக்கு, எங்கே வரி வசூலானது, எங்கே வசூல் கைவிடப்பட்டது என்பதே பெரும்பாலும் விடையாக அமைகிறது. வித்துராவின் கிழக்கே நிற்கும் மலைமுகட்டில் இன்று சமஸ்தானமும் இல்லை, மாகாணமும் இல்லை. ஆனால் அவற்றின் கணக்கேடுகள் வரைந்த எல்லை, சிறைத்தண்டனையின் ஆண்டுக்கணக்காக இன்றும் உயிருடன் இருக்கிறது.